எழும்ப விடாதவள்

அவளை எங்களுக்கு முதலில் காலாகத்தான் தெரியும். குத்தவைத்து, குனிந்து இலை பொறுக்குகிறவளுக்கு எதிரே வருகிற ஆள் முழங்காலுக்குக் கீழேதான் தெரிவாள். நீலக்கரைச் சேலையின் விளிம்பு. அதற்குக் கீழே இரண்டு பாதம். வலது பாதத்தின் பெருவிரலில் பாதி நகம்தான் இருக்கும். அதில் எப்போதும் ஒரு புதுக்காயம், காயத்தின் மேல் மஞ்சள். கோபத்தில் எதையாவது எட்டி உதைத்துக்கொண்டே இருப்பாள் போல என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

யுத்த காலம் அது. பர்மா அரிசி வருவது நின்றுபோய், ரேஷன் கடையில் கிடைத்ததைக் காய்ச்சிக் குடித்து ஊரே மெலிந்து கிடந்தது. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சரக்குக் கிட்டங்கியில் எனக்கு நிலாவாரை இலை பொறுக்கும் வேலை கிடைத்தது. பேதி மருந்துக்கு ஆகிற இலை. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காம்பு, குச்சி, காய், பழுத்தது எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நல்ல இலையை மட்டும் தனியாகக் குவிக்க வேண்டும். அதை மிஷினில் வைத்து அமுக்கிப் பேல் கட்டுவார்கள். பிறகு தோணியில் ஏறி, கரைக்கு வர முடியாமல் கடலுக்குள் தள்ளி நிற்கிற கப்பலுக்குப் போகும். சண்டை நடந்துகொண்டிருந்தாலும் சீமைக்காரர்களுக்கு வயிறு கழிய வேண்டுமே.

ஐம்பது அறுபது பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்போம். அவள்தான் எங்களுக்குக் கங்காணி. காலையில் கதவு திறந்ததும் அவள் போடுகிற முதல் சத்தம், "முட்டு மேல!"

முழங்கால் இரண்டும் கூரையைப் பார்க்க வேண்டும். அதாவது குத்தவைக்க வேண்டும். சம்மணம் போட்டால் சேலை இலையில் புரளும். ஓர் ஆள் ஒன்றரை ஆள் இடத்தை அடைப்பாள். ஒருக்களித்துச் சாய்ந்தாலும் விடமாட்டாள். எழும்புவது பற்றிப் பேச்சே கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் தவலை வரிசைக்கு வரும். இடுப்பு நெரிந்தால் உட்கார்ந்தபடியே நெளித்துக்கொள்ள வேண்டும். மத்தியானக் கஞ்சிக்கு எழும்புவதோடு சரி. பிறகு சாயங்காலம்தான்.

அந்த இலைத் தூசிக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக வருகிறவளின் வயிற்றை முதல் வாரம் புரட்டி எடுத்துவிடும். எனக்கு இரண்டாவது நாளே பிடித்துக்கொண்டது.

"கங்காணியம்மா, வெளிய போவணும்" என்றேன்.

"குவியல் முடியட்டும்."

"முடியாது கங்காணியம்மா. அவசரம்."

அந்த நீலக்கரை என் முன்னால் வந்து நின்றது. இப்போதுதான் அடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "நிமிராத. குனிஞ்சாப்புல என் நிழல்லயே வா" என்றாள். முந்தானையை உதறுகிறவள் போல விரித்துப் பிடித்துக்கொண்டு, எனக்கும் மாடிக் கண்ணாடி அறைக்கும் நடுவே மெதுவாக நடந்தாள். தவளை மாதிரி அவள் பின்னால் நகர்ந்து கொல்லைக் கதவுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சொன்னாள். "மேல கண்ணாடிக்குள்ள மானேஜர் அய்யா இருக்காரு. நிக்கிற பொம்பளைய அவருக்கு ஆகாது. வேலை நேரத்துல தலை தெரிஞ்சா மறுநாள் கேட்டுலயே அனுப்பிருவாரு. ஒரு வரிசையையே அப்படி அனுப்பியிருக்காரு. அதான் சொல்லுதேன், எழும்பாத."

அன்றைக்கு அவள் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. ஏனென்றால் அவள் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடிதான். நடந்தால் வலது முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தை எட்டி வைப்பாள், ஓடைத் தண்ணீருக்குள் கொக்கு நடக்குமே, அதுபோல. எங்களைக் குத்தவைத்துவிட்டுத் தான் ராணி மாதிரி நடக்கிற திமிர் அது என்று எல்லோருக்கும் எண்ணம். வைத்த பேரும் கொக்குதான்.

கேட் திறப்பதற்கு முன்னாலேயே வந்து நிற்பாள். கடைசி ஆள் போன பிறகுதான் கிளம்புவாள். யாராவது கூடச் சேர்ந்து நடக்க வந்தால் நின்றுவிடுவாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, பாக்கைச் சீவி, வெற்றிலையைத் தடவி, மடித்து, அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரை அதே வேலையாக நிற்பாள். அவள் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எங்களில் இரண்டு மூன்று பேர்தான்.

என் தங்கை செல்லக்கனிக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது. கொற்கையில் மாப்பிள்ளை. கொஞ்சம் வயல் உண்டு, நல்ல குடும்பம். அப்பா இல்லாத வீடு என்பதால் நானும் என் வீட்டுக்காரரும்தான் முன்னின்று பேசினோம். பேசி முடித்த கையோடு அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தபோது கன்னம் ஒட்டி, கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஆனாலும் கல்யாணச் செலவுக்குத் தானும் சம்பாதிக்கிறேன் என்று என்னோடு கிட்டங்கிக்கு வந்தாள். கங்காணியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. கப்பல் ஒன்று வரப்போகிறது, ஆள் தேவைப்பட்டது.

மூன்றாவது வாரமோ என்னமோ, ஒரு சாயங்காலம் வேலை முடிந்து எழும்பும்போது கனி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, காலு மரத்துப் போச்சு. தரையே தெரியல." எங்களில் யாருக்குத்தான் மரக்காது? உதறு, சரியாகிவிடும் என்றேன். வீடு வரைக்கும் அவள் இடது பாதம் தப் தப் என்று விழுந்துகொண்டே வந்தது. இரண்டு தடவை கால் மடங்கியது. படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று அம்மாவும் சொன்னாள்.

விடிந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. கனி அதை மறைக்கப் பார்த்தாள். கிட்டங்கி வாசலில் ஒரு படி உண்டு. அதில் ஏறும்போது பாதம் தூக்கவில்லை. விரல் நுனி படியில் இடித்து முன்னால் சரிந்தாள். நான் பிடிப்பதற்குள் கங்காணியம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, நில்லு. சேலையக் கொஞ்சம் தூக்கு. இப்ப விரலத் தூக்கு."

"தூக்குதேன் கங்காணியம்மா."

"தூக்கலியே."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் கனி. குனிந்து பார்த்தாள். விரல் ஐந்தும் சும்மா கிடந்தன. அப்போதுதான் அவளுக்கே விஷயம் விளங்கியது. அவள் முகம் போன போக்கு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கங்காணியம்மா குனிந்து அவள் முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒற்றை விரலால் தட்டினாள். கனி அய்யோ என்று கத்திவிட்டாள். சுரீரென்று பாதம் வரைக்கும் ஓடியதாம். உள்ளே நுழைந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

"போ. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

"அவ என்ன செஞ்சா?" என்று நான் கேட்டேன்.

"நொண்டிக்கு இங்கன வேலை இல்ல. நீ உள்ள போய் உக்காரு. இல்லன்னா நீயும் போ."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். கனி சுவரைப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். அடுப்பில் உலை கொதிக்க வேண்டுமே என்று நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பொறுக்கிய இலையில் பாதி பழுப்புத்தான். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா நரம்பு தடவுகிற வைத்தியர் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் கனியின் காலை எண்ணெய் போட்டு அமுக்கித் தேய்த்து, பச்சிலையை வைத்து, முட்டுக்குக் கீழே பனைநாரால் ஒரு கட்டுப் போட்டார். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு குணம் என்றார். கனி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எனக்கு அப்போது கங்காணியம்மா மேல்தான் ஆத்திரம். வீட்டை விசாரித்துக்கொண்டு நேரே போனேன்.

ஒரு சந்தின் கோடியில் ஓலை வீடு. கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் சேலையை இழுத்து மூடப் போனாள்.

"என்னளா, இங்கன எதுக்கு வந்தே?"

"என் தங்கச்சிக்குத் தையில கல்யாணம். நொண்டின்னு நீங்க ஊரு கேக்கச் சொன்னது கொற்கைக்குப் போக எவ்வளவு நாளாவும்? அவிய வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் கை நின்றது. மூடப் போன சேலையை அப்படியே விட்டுவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன். வலது பாதத்தின் விரலடியைச் சுற்றி ஒரு துணிப்பட்டை. அதன் மறு நுனியைக் கணுக்காலுக்கு மேலே இழுத்து முடிந்துகொள்வாள் போலும். இப்போது அவிழ்த்துப் போட்டிருந்தாள். கட்டில்லாத அந்தப் பாதம், கட்டில் ஓரத்தில் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"பாத்துட்டே இல்ல? நல்லாப் பாரு" என்றாள்.

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உன் வயசுல நான் பஞ்சுக் கிட்டங்கியில இருந்தேன். பஞ்சுல தூசி பொறுக்குத வேலை. இதே மாதிரி ஒரு நாளு மரத்துச்சு. தன்னால விடும்னு மறுநாளும் போய்க் குத்தவச்சேன். அதுக்கு மறுநாளும் வச்சேன். அப்புறம் காலு என் பேச்சு கேக்கவே இல்ல. ரொம்ப நாள் கழிச்சு நாசரேத்துல மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு டாக்டரம்மா முட்டுக்கு வெளிய தொட்டுக் காட்டுனா. இந்த எலும்பு மேல ஒரு நரம்பு ஓடுதாம், தோலுக்கு அடியிலயே. சதை உள்ளவளுக்கு ஒண்ணும் செய்யாதாம். உடம்பு வத்துனவ காலை மடக்கியே வச்சிருந்தா அது நசுங்கிப் போவுமாம். அந்த மொத வாரத்துல எழும்பி நடந்திருந்தா வந்திருக்கும்மா, இப்ப வந்து நிக்கியேன்னா."

"அப்ப கனிக்கு..."

"காய்ச்சல்ல கெடந்து எலும்பும் தோலுமா வந்தவ. நான் அவளை உள்ள விட்டதே தப்பு. அன்னைக்கு நயமாச் சொல்லியிருந்தா கேப்பாளா? கெஞ்சிக்கிட்டு வந்து உக்காருவா. நான் உக்காந்தேன்லா, அப்படி. அதான் துரத்துனேன்."

"எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாளுவ."

அவிழ்ந்து கிடந்த பட்டையை விரலில் சுற்றினாள். பிறகு, "இப்ப எப்படி இருக்கா?" என்றாள்.

"வைத்தியர் வந்தாரு. தேய்ச்சுவிட்டுக் கட்டுப் போட்டிருக்காரு."

"எங்கன கட்டு?"

"முட்டுக்குக் கீழ."

"இறுக்கமாவா?"

"பனைநாரால. ரொம்ப இறுக்கம்தான், வலி தாங்கல..."

நான் சொல்லி முடிக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள். துணிப்பட்டையை இழுத்து முடிந்தாள். "நட" என்றாள்.

நடக்கவில்லை, ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பகல். கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், மீன் வாங்கி வருகிறவர்கள், கிட்டங்கிப் பெண்கள், எல்லோரும் தெருவில் இருந்தார்கள். யாரோடும் சேர்ந்து நடக்காதவள் சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி எறிந்து நடந்தாள். அவசரத்தில் முடிந்த பட்டை பாதி வழியிலேயே அவிழ்ந்தது. பாதம் புழுதியை அள்ளியது. சாக்கடைப் பாலத்தில் விரல் இடித்துக் குப்புற விழுந்தாள். யாரோ "கொக்கு" என்று சொல்லிச் சிரித்தது எனக்கே கேட்டது. என் கையைத் தட்டிவிட்டு அவளே எழுந்தாள். விரலில் ரத்தம் வழிய, "வீடு எது, வீடு எது" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கனியின் கால் கட்டுக்குக் கீழே ஊதிச் சிவந்திருந்தது. கங்காணியம்மா பக்கத்தில் விழுந்து உட்கார்ந்து, சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். பனைநாருக்கு அடியில் அதன் அலகைச் செருகினாள்.

அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டி நீ? வேலையை விட்டுத் துரத்துனது பத்தாதா? வைத்தியத்தையும் கெடுக்க வந்தியா?"

"விடுங்க மதினி. இந்தக் கட்டு இருக்க இருக்கக் காலு செத்துக்கிட்டு இருக்கு."

"வைத்தியரை விட உனக்குத் தெரியுமோ?"

அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். தன் சேலையை முழங்கால் வரை தூக்கினாள். சூம்பிய அந்தக் கெண்டைக்காலையும், கீழே விழுந்து கிடந்த பாதத்தையும், ரத்தம் ஒழுகும் விரலையும் அம்மா பார்த்தாள்.

"இது உங்க மகளுக்கும் வேணுமா? வேணும்னா சொல்லுங்க. நான் போயிருதேன்."

அம்மா கையை எடுத்துவிட்டாள். பாக்குவெட்டி நறுக்கென்று நாரை வெட்டியது. கனி ஓவென்று அழுதாள். வலி போன அழுகையா, பயந்த அழுகையா என்று தெரியவில்லை.

தெருமுனை வரை அவளோடு போனேன். எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"இதுக்கு முன்னால நம்ம கிட்டங்கியில யாருக்காவது வந்துச்சா?"

"வந்துச்சு. ஆத்தூர்க்காரி ஒருத்தி. நீ வாரதுக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி. கால் வரலன்னு அழுதா. நடிக்கா, வேலை செய்ய உடம்பு வளையல, நாடகக் கொட்டகைக்குப் போன்னு எல்லார் முன்னாலயும் சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரிஞ்சா அப்படிச் சொன்னீய?"

"தெரிஞ்சுதான். அவ நடந்தது என் நடை. பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டையும் சேத்துப் பாப்பாளுவ. மானேஜரும் பாப்பாரு. கால் இல்லாத கங்காணி அவருக்கு எதுக்கு?"

சற்று முன்னால் என் தங்கையின் காலைக் காப்பாற்றியவள் அவள்தான். அந்த ஆத்தூர்க்காரியை அனுப்பியவளும் அவள்தான். "நாளைக்கும் எங்களப் பாத்து முட்டு மேலன்னுதான் சொல்லுவீயளா?" என்று கேட்டேன். அவள் பட்டையை இறுக்கி முடிந்துகொண்டு நடந்து போனாள்.

மறுநாள், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய கரிவண்டி பஸ்ஸில் கனியை நாசரேத்துக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா கனியின் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்; தட்டிப் பார்த்தார்; பாதத்தில் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். நரம்பு அறுந்துபோகவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வரும் என்றார். பாதம் தொங்காமல் ஒரு பட்டை கட்டிக் கொடுத்தார். காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மடக்கியபடி மட்டும் உட்காரக் கூடாது, அடுப்படியில்கூட. கொற்கைக்கு ஆள் அனுப்பி, காய்ச்சல் இன்னும் உடம்பை விடவில்லை, வைகாசிக்குத் தள்ளி வைப்போம் என்று சொன்னோம். அவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் ஒரு புதுச் சத்தம் கேட்டது.

"சாக்கு உதறு!"

எல்லோரும் எழும்பினார்கள். அவரவர் முன்னால் விரித்திருந்த சாக்கை இரண்டு பேராகப் பிடித்து உதறினார்கள். கொஞ்சம் நடந்து, மாற்றி விரித்து, மறுபடி உட்கார்ந்தார்கள். நான் இல்லாத நாளிலேயே தொடங்கிவிட்டாளாம். சாக்கில் ஒட்டிய குச்சி இலையோடு சேர்ந்துவிடுகிறது என்று மாடியில் போய்ச் சொல்லி உத்தரவு வாங்கியிருக்கிறாள். காலையில் சில தடவை, மத்தியானத்துக்கு மேல் சில தடவை. எதற்காக என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஒரு வாரம் ஓடியது. கப்பல் வந்து நின்றுவிட்டது. பேல் கட்டுவது தாமதம் என்று மாடிக்கு ஏதோ சொல் வந்திருக்க வேண்டும். சாக்கு உதறிக்கொண்டிருக்கும்போது மானேஜர் இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தூசிக்கு மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டார்.

"இது தேவையில்லை. உட்காரச் சொல்லு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உன்னைத்தான். உட்காரச் சொல்லு."

"கொஞ்சம் எழும்பிக்கிட்டா நல்லது அய்யா. காலு போயிருது."

"யாருக்குப் போச்சு?"

சாக்கைப் பிடித்தபடியே நின்றோம். அவள் எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அங்கிருந்து மானேஜர் வரைக்கும், எதையும் மறைக்காமல், நாலெட்டு நடந்து காட்டினாள். மெதுவாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டாள். அந்தப் பாதம் சிமெண்டுத் தரையில் தப் தப் என்று விழுந்தது.

"எனக்குப் போச்சு" என்றாள்.

வரிசையில் யாரோ "அய்யோ" என்றார்கள்.

மானேஜர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நிற்கிற வேலை உனக்குச் சிரமம். நீயும் உட்கார்ந்து பொறுக்கு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் என் பக்கத்தில் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தாள். இலையை இழுத்துக்கொண்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிற்பது தெரிந்தது. நேரம் போகப் போக அவள் நெற்றி வேர்த்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி யாரும் எழும்ப மாட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது என் காதருகே அவள் குரல், வழக்கமான அதே சத்தத்தில் வெடித்தது. "சாக்கு உதறு!"

சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. கையை ஊன்றினாள், கை வழுக்கியது. நான் ஒரு கக்கத்தில் கைகொடுத்தேன். அந்தப் பக்கம் இருந்தவள் மறு கக்கத்தில் கொடுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து நிமிர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையாகச் சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது உட்கார்ந்திருந்தவள் ஒருத்தியும் இல்லை. சாக்குகள் படபடவென்று அடித்தன. எழுந்த தூசியில் மாடிக் கண்ணாடியே மறைந்துபோனது.

கப்பல் நிற்கையில் அறுபது பேரைக் கேட்டில் அனுப்ப முடியாது. அது அவருக்குத் தெரியும். கப்பல் போன மறுநாள் அவளை மட்டும் வாட்ச்மேன் வாசலில் நிறுத்தினான். நாங்கள் உள்ளே போனோம். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். புதிதாக ஒரு ஆண் கங்காணி வந்தார். முதல் நாள் யாருக்கும் துணிவு வரவில்லை. இரண்டாம் நாள் பின்வரிசையிலிருந்து யாரோ சாக்கு உதறு என்றாள். இது இங்கத்து வழக்கம் போல என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

பங்குனியில் ஒருநாள் கனி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெருவிரல் துடித்தது. இன்னொரு மாதத்தில் பாதமே தூக்கியது. கொற்கையிலிருந்து சம்மதம் வந்தது. சேதி கேட்டுக் கங்காணியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை.

"தூக்கு" என்றாள். கனி தூக்கினாள். "இன்னொரு தடவை." தூக்கினாள். முழங்காலை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

"மூட்டையோட எங்க போறீய?" என்றேன்.

"ஆத்தூருக்கு."

"இப்பப் போய் அவகிட்ட என்ன சொல்லுவீய? காலந்தான் போயிட்டே."

"காலு வராது. அது தெரியும்" என்றாள். பஸ்ஸுக்கு என்னோடுதான் நடந்து வந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஆத்தூர்ச் சந்தையில் வெற்றிலைக் கூடைக்குப் பின்னால், ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். எழுந்து நடந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. தூத்துக்குடிக் கிட்டங்கியிலா இருந்தீர்கள், கங்காணியம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

"இருந்தேன். அவ வந்தாளான்னுதானே கேக்கப் போற? வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டு, நீ நடிக்கல, எனக்கு அன்னைக்கே தெரியும்னா. சேலையத் தூக்கிக் கால காட்டுனா. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கதவைச் சாத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யோசிச்சேன். என் மாமியா, என் வீட்டுக்காரரு, கொழுந்தன், எல்லாரும் அத்தனை வருஷமா என்னை என்ன சொன்னாவ தெரியுமா? வேலைக்குப் பயந்து கால இழுக்கா, பொய்க்காரின்னு. எங்க அம்மாவே நம்பல. கதவைத் திறந்தேன். எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது, இவிய எல்லாத்துக்கும் கேக்கச் சொல்லுன்னேன். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துனேன். தெருவே கூடிட்டு. சொன்னா. எது எதெல்லாம் சொல்லி என்னைத் துரத்துனாளோ, அதையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லி, பொய்க்காரி நான்தான், இவ இல்லன்னா."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மன்னிச்சிட்டியளா?"

அவள் ஒரு கவுளி வெற்றிலையை எண்ணிக் கட்டி என் கையில் வைத்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா அன்னைக்கு ராத்திரி என் மாமியா, நீ உக்காரு தாயி, நான் சோறு வைக்கேன்னா."